விண்மீன் திரளுக்கும் வயது உண்டு

சீனப் புத்தாண்டு எப்போதும் அமாவாசையை ஒட்டியே வருவதால், அந்த விடுமுறையில் சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியின் நெரிசலைக் கடந்து மலேசியாவின் ஜோகூர் மாநிலக் கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர்பவர்களுக்கு, வானமும் தெளிந்திருந்தால், நிலவொளி குறுக்கிடாத இரவு வாய்க்கும். அப்படி ஓர் இரவில், பத்து மணி வாக்கில், மெர்சிங் கடற்கரையில் என் அண்ணன் மகள் தெற்கே தொடுவானுக்குச் சற்று மேலே தெரிந்த வெண்திட்டு ஒன்றைக் காட்டி, அது மேகமா என்று கேட்டாள். கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். சுற்றியிருந்த மேகத் துணுக்குகள் கலைந்து போயின. அந்தத் திட்டு மட்டும் விண்மீன்களுக்கு நடுவே அப்படியே இருந்தது. அது பெரிய மெகல்லன் முகில். ஏறத்தாழ 160,000 ஒளியாண்டுத் தொலைவில், நம் பால்வெளிக்குத் துணையாக இருக்கும் ஒரு சிறிய விண்மீன் திரள். இதைச் சொன்னதும் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்: “சித்தப்பா, அது எப்பவுமே இப்படியேதான் இருந்துச்சா?”

வானியலாளர்களே அந்தக் கேள்வியை முழு மனத்துடன் கேட்கத் தொடங்கி அறுபது ஆண்டுகள்தாம் ஆகின்றன. அதைக் கேட்டே ஆகவேண்டும் என்று தொழில்முறை வானியலை நிர்ப்பந்தித்தவர்களில் முதன்மையானவர் பியட்ரிஸ் டின்ஸ்லி. விண்மீன் திரள்கள் எப்படி உருவாகின்றன, எப்படி மாறுகின்றன என்னும் இன்றைய ஆய்வுத் துறையின் அடித்தளத்தில் அவருடைய கணக்குகள் இருக்கின்றன. நாற்பது வயதில் இறந்துவிட்ட அவரைப் பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைப்பது மிகக் குறைவு என்பதால், அவர் வழியாகவே இந்தத் துறையை விளக்க முயல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாடநூல்களிலும் செய்திகளிலும் அண்டம், விண்மீன் மண்டலம், நாள்மீன்பேரடை எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. ‘அண்டம்’ என்பது பிரபஞ்சம் முழுவதையும் குறிக்கும் சொல்லாகவும் இருப்பதால் குழப்பம் நேர்கிறது. இக்கட்டுரையில் விண்மீன் திரள் என்றே எழுதுகிறேன். ஈர்ப்பினால் ஒன்றாகக் கட்டுண்ட கோடிக்கணக்கான விண்மீன்கள், அவற்றுக்கு இடையிலுள்ள வாயு, தூசி, இவற்றையெல்லாம் சூழ்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் ஆகியவை சேர்ந்ததே ஒரு திரள்.

நம் பால்வெளிக்கு வெளியே வேறு திரள்கள் உண்டு என்பதே நூறாண்டுச் செய்திதான். 1923ஆம் ஆண்டு அக்டோபரில் எட்வின் ஹபிள், கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் தொலைநோக்கியில் எடுத்த ஆண்ட்ரோமெடாவின் ஒளித்தட்டில், ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டார். அத்தகைய விண்மீன் கூடிக் குறைய எடுக்கும் காலத்திலிருந்து அதன் மெய்யான ஒளித்திறனை அறியலாம் என்று ஹென்ரியெட்டா லீவிட் முன்பே கண்டறிந்திருந்த விதியைக் கொண்டு அதன் தொலைவைக் கணக்கிட்டபோது, ஆண்ட்ரோமெடா நம் திரளுக்கு மிக அப்பால் இருப்பது உறுதியாயிற்று. இன்றைய அளவீட்டின்படி அது ஏறத்தாழ 2.5 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன்பிறகு ஹபிள், திரள்களை வடிவத்தைக் கொண்டு வகைப்படுத்தினார். நீள்வட்டத் திரள்கள் ஒருபுறம், சுருள் திரள்கள் மறுபுறம், எந்த ஒழுங்கிலும் அடங்காதவை தனியாக. அது பயனுள்ள வகைப்பாடுதான். ஆயினும் ஒரு பொருளுக்கு வகை கொடுத்துவிட்டால், அது என்றைக்கும் அந்த வகையாகவே இருந்தது என்ற எண்ணம் நம்மையறியாமல் படிந்துவிடுகிறது.

அந்த எண்ணம் பிரபஞ்சத்தை அளக்கும் முயற்சியிலும் புகுந்திருந்தது. 1950களிலும் 60களிலும் வானியலின் பெரிய கேள்வி, பிரபஞ்சத்தின் விரிவு எந்த அளவுக்கு வேகம் குறைந்து வருகிறது என்பது. ஈர்ப்பு போதுமான அளவு வலிமையாக இருந்தால் விரிவு ஒருநாள் நின்று, எல்லாம் மீண்டும் உள்நோக்கிச் சுருங்கும். இல்லாவிட்டால் என்றென்றும் விரிந்துகொண்டே போகும். இதைத் தீர்மானிக்கத் தொலைதூரத் திரள்களின் தொலைவு தெரிய வேண்டும். ஹபிளின் வழிவந்த ஆலன் சாண்டேஜ் முதலியோர், திரள்கொத்துகளில் மிகப் பிரகாசமாக இருக்கும் பெரிய நீள்வட்டத் திரள்களை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். அவை எல்லாம் ஏறத்தாழ ஒரே ஒளித்திறன் கொண்டவை என்றால், எது மங்கலாகத் தெரிகிறதோ அது அதிகத் தொலைவில் இருக்கிறது என்று கொள்ளலாம். இம்முறையில் கிடைத்த முடிவுகள், பிரபஞ்சம் ஒருநாள் சுருங்கும் என்ற பக்கமே சாய்ந்தன.

இங்கேதான் டின்ஸ்லி வருகிறார். 1941இல் இங்கிலாந்தில் பிறந்து, நியூசிலாந்தில் வளர்ந்து, கிரைஸ்ட்சர்ச்சில் இயற்பியல் படித்தவர். கணவருக்கு டல்லஸ் நகரில் வேலை கிடைத்ததால் 1963இல் அமெரிக்கா சென்றார். டல்லஸில் தமக்கேற்ற இடம் அமையாததால், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஆஸ்டினின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, போய் வந்து படித்தார். மூன்று ஆண்டுகளுக்குள் முடித்த அந்த ஆய்வின் பொருளே, திரள்களின் படிவளர்ச்சியும் பிரபஞ்சவியலில் அதன் முக்கியத்துவமும். தொலைவில் இருக்கும் திரளைப் பார்க்கும்போது நாம் கடந்த காலத்தைப் பார்க்கிறோம். ஐந்து பில்லியன் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள திரளின் ஒளி, நம் சூரியனே உருவாகாத காலத்தில் புறப்பட்ட ஒளி. அப்போது அந்தத் திரளும் இளமையாக இருந்திருக்கும். இளமையில் அதன் ஒளித்திறன் வேறாக இருந்திருந்தால், அதை எப்படி மாறாத அளவுகோலாகக் கொள்ள முடியும்?

கேள்வி எளிமையானது, பதிலுக்கான கணக்கு எளிமையானதன்று. ஒரு திரளின் ஒளி என்பது பல பில்லியன் விண்மீன்களின் ஒளியின் கூட்டுத்தொகை. விண்மீன்கள் பிறக்கும்போது பல எடைகளில் பிறக்கின்றன. பெரிய விண்மீன் சூடாக, நீலமாக, கண்ணைப் பறிக்கும் ஒளியோடு எரியும். அதற்கு எரிபொருள் அதிகம் என்றாலும், அதைவிடப் பல மடங்கு வேகத்தில் அதைச் செலவழித்துவிடும். சூரியனைப் போல் பத்து மடங்கு எடையுள்ள விண்மீன் சில பத்து மில்லியன் ஆண்டுகளே வாழும். சூரியனின் ஆயுள் ஏறத்தாழ 10 பில்லியன் ஆண்டுகள். சூரியனைவிடச் சிறிய செந்நிற விண்மீன்களோ, பிரபஞ்சத்தின் இன்றைய வயதைவிட நீண்ட காலம் மெல்ல எரிந்துகொண்டிருக்கும். ஆகவே ஒரு திரளில் புதிய பிறப்பு நின்றுவிட்டால், நீல ஒளி முதலில் அணையும்; பிறகு வெண்மை மங்கும்; கடைசியில் செம்மஞ்சள் மட்டும் எஞ்சும்.

இதை நம் ஊரிலேயே ஓரளவு கண்டுணரலாம். சிங்கப்பூரின் சாலைகளில் முன்பு மஞ்சள் ஒளி வீசும் சோடியம் விளக்குகள் இருந்தன. படிப்படியாக வெள்ளொளி தரும் எல்இடி விளக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் இரவு விமானத்தில் சாங்கி விமான நிலையத்தை நெருங்கியபோது, தனித்தனி விளக்குகள் புலப்படாத உயரத்திலேயே, எந்தப் பேட்டை மஞ்சளாக இருக்கிறது, எது வெண்மையாகிவிட்டது என்று சொல்ல முடிந்தது. விளக்கை எண்ணாமல், மொத்த ஒளியின் நிறத்திலிருந்தே அங்கே புதியது எவ்வளவு, பழையது எவ்வளவு என்று ஊகிக்கிறோம். டின்ஸ்லி செய்தது இதன் கணித வடிவம். ஒவ்வொரு காலகட்டத்திலும் எத்தனை விண்மீன்கள், எந்தெந்த எடைகளில் பிறந்தன என்று ஒரு கருதுகோளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு விண்மீனும் எந்த வயதில் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி தரும் என்பதை விண்மீன் இயற்பியல் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அவற்றையெல்லாம் அன்றைய கணினியில் கூட்டி, ஒரு திரளின் மொத்த நிறமும் ஒளியும் பிறப்பு முதல் இன்றுவரை எப்படி மாறியிருக்கும் என்று காட்டினார்.

விளைவு தெளிவாக இருந்தது. நீள்வட்டத் திரள்கள் கடந்த காலத்தில் இன்றைவிடப் பிரகாசமாக இருந்தன. அந்த உண்மையைக் கணக்கில் சேர்க்காதவர், தொலைதூரத் திரளின் கூடுதல் பிரகாசத்தைக் கண்டு அது அருகில் இருக்கிறது என்று நினைத்துவிடுவார். அதனால் பிரபஞ்சத்தின் வேகக் குறைவு மெய்யாக இருப்பதைவிட அதிகமாகத் தோன்றும். திருத்தத்தைச் செய்தால், பிரபஞ்சம் சுருங்கும் என்ற முடிவுக்கு ஆதாரமே நழுவிவிடுகிறது. சாண்டேஜ் இதை உடனே ஏற்கவில்லை. உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியில் ஆண்டுக்கணக்காக இரவுகளைச் செலவிட்ட மூத்தவர் ஒருபுறம், நிலையான பதவி இல்லாத இளம்பெண் மறுபுறம். வாதம் பல ஆண்டுகள் நீடித்தது; காலம் டின்ஸ்லியின் பக்கம் நின்றது. 1974இல் அவர் மூன்று சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரை, பிரபஞ்சம் என்றென்றும் விரியும் என்று பலவகைச் சான்றுகளைச் சேர்த்து வாதிட்டது. 1998இல் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடிக்கும் விண்மீன்களை, அளந்த இரு குழுக்கள், விரிவின் வேகம் குறையவே இல்லை, கூடிக்கொண்டே போகிறது என்று கண்டன. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. குடும்பத்தை விட்டுப் பிரிந்து யேல் பல்கலைக்கழகம் சென்று, 1978இல் அங்கே வானியல் பேராசிரியரான முதல் பெண் என்ற இடத்தைப் பெற்று, 1981 மார்ச்சில் தோல் புற்றுநோயால் இறந்தார். வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் எழுதினார். கடைசிக் கட்டுரையை இறப்பதற்குச் சில நாள்கள் முன்பு அனுப்பியிருந்தார்.

நிறம் மட்டும் போதாது என்பதையும் அவரே உணர்ந்திருந்தார். ஒரு திரளின் வேதியியலும் அதன் வரலாற்றைச் சொல்லும். பெருவெடிப்பில் தோன்றியவை ஏறத்தாழ ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டுமே. ஆக்சிஜன், கார்பன், இரும்பு எல்லாம் பிற்பாடு விண்மீன்களுக்குள் சமைந்தவை. பெரிய விண்மீன்கள் விரைவில் வெடித்து ஆக்சிஜனைச் சிதறடிக்கும். இரும்பின் பெரும்பகுதியோ வேறு வகை வெடிப்பிலிருந்து, வெகு தாமதமாக வருகிறது. எடை குறைந்த விண்மீன், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறளியாகி, துணை விண்மீனிடமிருந்து பொருளைப் பெற்று, சுப்பிரமணியன் சந்திரசேகர் கணக்கிட்டுச் சொன்ன எல்லையை, அதாவது சூரியனின் எடையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கை நெருங்கி வெடிக்கும் வகை அது. ஆக்சிஜன் முன்னே, இரும்பு பின்னே. இந்தக் கால இடைவெளியை 1979இல் எழுதிய ஆய்வில் டின்ஸ்லி பயன்படுத்தினார். இன்றும் ஒரு பழைய விண்மீனின் நிறமாலையில் இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து, அதன் திரள் வேகமாக வளர்ந்ததா, நிதானமாக வளர்ந்ததா என்று சொல்கிறார்கள்.

திரள்கள் எப்படி உருவாயின என்பதற்கு வருவோம். 1978இல் சைமன் வைட், மார்ட்டின் ரீஸ் இருவரும் எழுதிய கட்டுரையின் சட்டகம் பெரும்பாலும் இன்றும் நிற்கிறது. பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு, ஒளியை வெளியிடாத கரும்பொருள். வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் ஆண்ட்ரோமெடாவின் சுழற்சியை அளந்து, வெளி விளிம்பிலும் வேகம் குறையவில்லை என்று காட்டிய பிறகு, திரள்களைச் சூழ்ந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஈர்க்கிறது என்பதை ஒதுக்கிவிட முடியவில்லை. தொடக்கத்தில் சற்றே அடர்த்தி கூடியிருந்த இடங்களில் கரும்பொருள் ஈர்ப்பினால் குவிந்து கூடுகளாயிற்று. அந்தக் கூடுகளுக்குள் ஹைட்ரஜன் வாயு விழுந்து, ஒளி வீசிக் குளிர்ந்து, மேலும் உள்ளே இறங்கி, சுழற்சி காரணமாகத் தட்டாகி, விண்மீன்களாயிற்று. சிறியவை முதலில், அவை ஒன்றோடொன்று இணைந்து பெரியவை. குளிர்ச்சி என்பதே இதில் திறவுகோல். கரும்பொருளுக்கு வெப்பத்தை இழக்க வழியில்லை, வாயுவுக்கு உண்டு. வாயு மட்டுமே நடுவில் போய்ச் சேர முடிந்தது அதனால்தான்.

இணைவு என்றால் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவதாக எண்ணக்கூடாது. அவற்றுக்கிடையே இடைவெளி மிகப் பெரியது. மோதுவது வாயு முகில்கள்தாம். அவை நெரிபடும்போது விண்மீன் பிறப்பு சட்டென்று பெருகும். வடிவம் குலைந்த திரள்களின் நிறங்கள் இயல்பான திரள்களின் நிறங்களைவிடப் பலவாறாகச் சிதறியிருப்பதைக் காட்டி, ரிச்சர்ட் லார்சனும் டின்ஸ்லியும் இதை 1978இலேயே வாதிட்டார்கள். மறுபுறம், பிறப்பு ஏன் நிற்கிறது என்பது இன்னும் கடினமான புதிர். அருகிலுள்ள பெரிய நீள்வட்டத் திரள்களைச் சுற்றி வெப்ப வாயு நிறையவே இருக்கிறது. அது குளிர்ந்து விழுந்திருந்தால் அவை இன்றும் நீலமாக இருந்திருக்கும். நடுவிலுள்ள பெருங்கருந்துளை பொருளை விழுங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அந்த வாயுவை மீண்டும் மீண்டும் சூடாக்கிக் குளிரவிடாமல் வைத்திருக்கிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். தன்னைவிடப் பல மில்லியன் மடங்கு பெரிய இடத்தை ஒரு கருந்துளை ஆளும் இந்தச் செயல்முறையின் நுணுக்கங்கள் முழுமையாகத் தெளிந்துவிட்டன என்று நான் எண்ணவில்லை.

திரள் ஆய்வில் ஒரு வசதியும் ஒரு கண்ணியும் உண்டு. தீபாவளிக்கு முந்திய இரவு சிங்கப்பூரின் தேக்காவில் சிராங்கூன் சாலை நெடுகிலும் நிற்கும் கூட்டத்தை ஒரே ஒரு படம் எடுத்தால், அதில் கைக்குழந்தை முதல் முதியவர் வரை எல்லாரும் இருப்பார்கள். யாரும் வளர்வதைப் பார்க்காமலே, மனிதர் எப்படி வளர்கிறார்கள் என்று அந்தப் படத்திலிருந்து ஓரளவு எழுதிவிடலாம். வானியலாளருக்கு இதைவிட ஒரு படி கூடுதலான வசதி: தொலைவில் நிற்பவர் மெய்யாகவே முந்திய தலைமுறையைச் சேர்ந்தவர். கண்ணி என்னவென்றால், அந்தக் குழந்தை இந்த முதியவரின் இளமை அன்று. இருவருக்கும் உறவே இல்லாமலும் போகலாம். பத்து பில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய எந்தத் திரள் இன்றைய எந்தத் திரளாக வளர்ந்தது என்று நேராகக் காட்ட முடியாது. பெரும் எண்ணிக்கையில் திரள்களை அளந்து, கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் வம்சாவளியைக் கட்டமைக்க வேண்டியிருக்கிறது. ஹபிள் தொலைநோக்கி 1995 டிசம்பரில் பத்து நாள்கள் வெறுமையாகத் தோன்றிய வானத்துணுக்கு ஒன்றையே பார்த்து, அதில் ஏறத்தாழ 3,000 திரள்களைக் கண்டது இந்த வேலைக்குப் பெரும் திருப்பம். அதைத் தொடர்ந்த ஆய்வுகள், பிரபஞ்சத்தில் விண்மீன் பிறப்பு ஏறத்தாழ பத்து பில்லியன் ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்தது, பிறகு இறங்கிக்கொண்டே வருகிறது என்று காட்டின.

2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, 6.5 மீட்டர் ஆடியோடு அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கிறது. தொலைதூரத் திரள்களின் ஒளி விரிவினால் நீண்டு அகச்சிவப்பாகவே நம்மை வந்தடைவதால், இது அவற்றுக்காகவே அமைந்த கருவி. 2024இல் அது காட்டிய ஒரு திரள், பெருவெடிப்பு நிகழ்ந்து 300 மில்லியன் ஆண்டுகள்கூட ஆகாத காலத்தைச் சேர்ந்தது. பிரபஞ்சத்தின் வயது 13.8 பில்லியன் ஆண்டுகள் என்னும்போது, அது விடியற்காலம். எதிர்பார்த்ததைவிட அந்தக் காலத்துத் திரள்கள் அதிகப் பிரகாசமாகவும் அதிக எண்ணிக்கையிலும் இருக்கின்றன. பிரபஞ்சவியலே தவறு என்று தலைப்புச் செய்திகள் வந்தன. அப்படிச் சொல்வதற்கு ஆதாரம் போதாது என்பது என் கருத்து. பிறப்பு விட்டுவிட்டுப் பெருகியிருக்கலாம், தூசி குறைவாக இருந்திருக்கலாம், பெரிய விண்மீன்கள் கூடுதலாகப் பிறந்திருக்கலாம். இவை அனைத்தும், ஒளியிலிருந்து எடையையும் வயதையும் எப்படிக் கணிப்பது என்ற டின்ஸ்லியின் அதே கேள்விக்குத் திரும்பும் விடைகள்.

இவ்வரிசையில் ஒரு கண்டுபிடிப்பைத் தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆதிக் காலத்திலேயே பெருங்கருந்துளைகள் எப்படி வளர்ந்தன என்பது நெடுநாள் புதிர். இறந்த விண்மீனில் தோன்றும் சிறு கருந்துளை அவ்வளவு விரைவில் பெரிதாக நேரம் போதாது. கோயம்புத்தூரில் பிறந்தவரும், டின்ஸ்லி பணியாற்றிய அதே யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருப்பவருமான பிரியம்வதா நடராஜன், வாயுத் தட்டு விண்மீனாகாமல் நேரடியாக நொறுங்கிப் பெருங்கருந்துளைக்கு வித்தாகலாம் என்று 2006இல் கியூசெப்பே லொடாட்டோவுடன் எழுதினார். அது உண்மையென்றால், தன் திரளின் விண்மீன்கள் அனைத்துக்கும் ஈடான எடைகொண்ட கருந்துளை ஆதிப் பிரபஞ்சத்தில் இருக்க வேண்டும். அருகிலுள்ள திரள்களில் அந்த விகிதம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அவர் தம் குழுவினருடன் முன்கூட்டியே சொன்ன அடையாளங்களோடு பொருந்தும் யூஎச்இசட்1 என்னும் திரள் 2023இல் அறிவிக்கப்பட்டது. பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 470 மில்லியன் ஆண்டுகள் கழித்து இருந்தது அது. அதன் விண்மீன் ஒளியை ஜேம்ஸ் வெப் பார்த்தது. கருந்துளையைச் சுற்றிய வெப்ப வாயுவின் எக்ஸ் கதிர்களைப் பார்த்தது, சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999 முதல் விண்ணில் இயங்கும் சந்திரா தொலைநோக்கி. நடராஜன், சந்திரசேகர் என்னும் அந்த இரு பெயர்களும் ஒரே முடிவில் சந்திப்பதைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

நம் வீடான பால்வெளியின் கதையும் இப்போதுதான் தெளிவாகி வருகிறது. ஏறத்தாழ இரண்டு பில்லியன் விண்மீன்களை அளந்த கையா விண்கலத்தின் தரவுகளில், ஒழுங்கான தட்டோடு சேர்ந்து ஓடாமல் வேறு பாதையில் செல்லும் விண்மீன்களை 2018இல் அமினா ஹெல்மி முதலியோர் பிரித்தறிந்தார்கள். ஏறத்தாழ பத்து பில்லியன் ஆண்டுகளுக்கு முன் பால்வெளி விழுங்கிய ஒரு திரளின் மிச்சம் அவை. இனி நடக்கப்போவதைப் பற்றி, ஆண்ட்ரோமெடாவும் பால்வெளியும் மோதுவது உறுதி என்றே பல ஆண்டுகள் எழுதப்பட்டது. 2025இல் வெளிவந்த ஆய்வு, அடுத்த பத்து பில்லியன் ஆண்டுகளில் அது நிகழ ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பே உண்டு என்கிறது. கணக்கை மாற்றிய காரணங்களில் ஒன்று, முன்பு ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு சிறு திரளின் ஈர்ப்பையும் இம்முறை சேர்த்ததுதான். அந்தத் திரள் பெரிய மெகல்லன் முகில்.

சிங்கப்பூரிலிருந்து அதைப் பார்க்க முடியாது. 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தின்படி, இங்குள்ள மக்கள் அனைவரும், கண் இருளுக்கு முழுமையாகப் பழக முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ் வாழ்கிறோம். அதனால்தான் மெர்சிங் வரை போக வேண்டியிருந்தது. அண்ணன் மகளின் கேள்விக்கு அன்றிரவு மணலில் அமர்ந்து நான் சொன்ன விடை இதுதான்: அந்த முகில் எப்போதும் இப்படி இருந்ததில்லை, அதன் வாயு நம் திரளின் ஈர்ப்பினாலும் தன் துணையான சிறிய முகிலின் ஈர்ப்பினாலும் உருவப்பட்டு வானத்தின் குறுக்கே நீண்ட ஓடையாகக் கிடக்கிறது, அதற்குள் இப்போதும் நீல விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன, 1987இல் அங்கே வெடித்த ஒரு விண்மீன் தென்னுலகில் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. 2019இல் வெளியான ஒரு கணிப்பின்படி, ஏறத்தாழ 2.4 பில்லியன் ஆண்டுகளில் அது பால்வெளிக்குள் விழும். அப்போது நம் நடுவிலிருக்கும், இன்று நான்கு மில்லியன் சூரிய எடை கொண்ட, ஏறத்தாழ உறங்கிக் கிடக்கும் கருந்துளைக்குப் புதிய வாயு கிடைத்து, அது பல மடங்கு பெரிதாகும். அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்போ நம்ம சூரியன் இருக்குமா சித்தப்பா?” என்று கேட்டாள். இருக்கும் என்றேன். அதற்கு இன்னும் ஏறத்தாழ ஐந்து பில்லியன் ஆண்டுகளுக்கு எரிபொருள் இருக்கிறது.